ஒருவருக்கு ஒரு பெல்ட்

வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுக்கும் உரிமையைத் தமிழ்ச் சமூகம் இழந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இதற்காக எந்தப் போராட்டமும் நடக்கவில்லை. "பெல்ட்டைப் போட்டுக்கிட்டு வா" என்று மேனேஜர் சொல்வார், போட்டுக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். தலைவலி, முதுகுவலி, மாதாமாதம் வரும் வலி என்று எதைச் சொன்னாலும் அதே பதில்தான். மச்சினன் வீட்டு விசேஷங்களிலிருந்து பல பேரைக் காப்பாற்றி வந்த கழுத்துச் சுளுக்குகூடச் செல்லாக்காசாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் கோயமுத்தூர்தான். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த ஊர், மனுஷனுக்கும் காயில் கட்டினால் என்ன என்று யோசித்தது. இடுப்பில் கட்டும் பெல்ட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள். அதில் விட்டு விட்டுத் துடிக்கும் மின்சாரம். அந்தத் துடிப்பில் எழும் காந்தப்புலம் சதைக்குள் இறங்கி வலியைத் தணிக்கும். ஆரம்பத்தில் வந்த பெல்ட்டுகள் எல்லோருக்கும் ஒரே துடிப்பைக் கொடுத்தன. சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. பிறகு 'குறிஞ்சி பல்ஸ்' கம்பெனிக்காரர்கள், போட்டிருப்பவரின் வலியைப் படித்துக்கொள்ளும்படி பெல்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் கேட்காத ஆளே இல்லை.

அந்தக் கம்பெனியின் காந்திபுரம் சர்வீஸ் சென்டரில் நந்தகோபால் டெக்னீஷியன். வாடிக்கையாளர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவன் வேலையில் சேர்த்தி.

"பக்கத்து வூட்டுல பாட்டு வெக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. அதே பாட்டை அப்படியே தலைகீழா நீங்க வெச்சா, ரெண்டும் மோதி சத்தமே கேக்காது. உங்க வலி பக்கத்து வூட்டுப் பாட்டு. பெல்ட்டு தலைகீழ்ப் பாட்டு."

"பக்கத்து வூட்டுக்காரன் பாட்டை நிறுத்திட்டான்னா?"

"அப்ப நீங்க வெச்சது மட்டும் கேக்கும்."

இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நந்தகோபால் சிரிக்க மாட்டான். அவன் பிழைப்பே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சர்வீசுக்கு வரும் பெல்ட்டைச் சோதிப்பதற்கென்று மனித உருவில் ஒரு பொம்மை இருந்தது. அது கெட்டுப்போனதும் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார்கள். தலைமை அலுவலகம் வருத்தம் தெரிவித்தது. அன்றிலிருந்து டெக்னீஷியன்களே பெல்ட்டைக் கட்டிப் பார்க்கிறார்கள். அந்த வலி இல்லாத உடம்பில் தலைகீழ்ப் பாட்டு மட்டும் ஒலிக்கும். அதாவது கடைசியாகப் போட்டிருந்தவரின் வலி அப்படியே வரும்; புது ஆளின் வலியைப் படித்து முடிக்கும் வரைக்கும் பெல்ட் பழையதையேதான் வாசிக்கும். வந்தால் பெல்ட் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ருசி பார்ப்பது'.

ருசி பார்ப்பதில் மன்னன் ஜெபசீலன். நாகர்கோவில்காரன், அடுத்த மேஜை. கட்டிக்கொண்டு கண்ணை மூடுவான்.

"கடவாய்ப் பல்லு மக்கா. இந்தாளு பெல்ட்டை நம்பி ஐஸ்கிரீம் தின்னுட்டு இருக்காரு." இன்னொன்றைக் கட்டுவான். "இது முட்டி. மாடி வீடு. ஓனர் கீழ் வீட்டைக் காலி பண்ணித் தர மாட்டேங்கான்."

பெல்ட்டின் உள்பக்கத்தில் ஆறு மொழிகளில் அச்சடித்திருக்கும்: ஒருவருக்கு ஒரு பெல்ட். மக்கள் அதை வீட்டுக்கு ஒரு பெல்ட் என்று படித்தார்கள். கொஞ்ச நாளில் அது மாடிக்கு ஒன்று என்றாகி, தெருவுக்கு ஒன்று என்பதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரவல் கொடுத்தால் வாரண்டி செல்லாது என்று கம்பெனி மிரட்டியதில், மக்கள் இரவல் கொடுப்பதை நிறுத்தவில்லை, சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் மாட்டிக்கொள்வார்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டல்லவா, அது பெல்ட்டுக்கும் தொற்றிவிட்டது. பெல்ட் வரும் துணிப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு அச்சு வெல்லம் இருக்கும், அல்லது இரண்டு எலுமிச்சம்பழம், காகிதத்தில் மடித்த நாலு முறுக்கு. கொடுத்தவர் எடுக்க மறந்து அப்படியே சர்வீசுக்கு அனுப்பிவிடுவார். கம்பெனியின் சட்டப்படி இது குற்றத்துக்கான ஆதாரம். சர்வீஸ் சென்டரில் இது சாயங்கால டீக்கான பலகாரம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த பையை ஜெபசீலன்தான் முதலில் துழாவினான்.

"ஒண்ணுமே இல்ல மக்கா. கஞ்சப் பயலுவ." பையை நந்தகோபால் மேஜைக்குத் தள்ளிவிட்டான்.

பெயர் வளர்மதி, சிங்காநல்லூர் ஹவுசிங் போர்டு. குறை: போட்டதும் நெஞ்சைப் பிடிக்கிறது. நந்தகோபால் பெல்ட்டை இடுப்பில் சுற்றிக் கொக்கியை மாட்டினான்.

முதலில் இடது தோள்பட்டையில் ஒரு நமநமப்பு. சாதாரணம்தான், மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருவது. அது மெல்ல உள்கை வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் இறங்கியது. பிறகு எதற்கென்றே தெரியாமல் தாடை இறுகியது. கடிக்க முடியாத ஒன்றைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்குள் அவன் பெல்ட்டைக் கழற்றியிருப்பான். கழற்றத் தோன்றவில்லை. நெஞ்சின்மேல் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கனம் ஏறிக்கொண்டே போய், இனி தாங்காது என்ற இடத்தில், பட்டென்று ஒன்றுமில்லாமல் ஆனது.

அவன் இதுவரை எத்தனையோ வலிகளை ருசி பார்த்திருக்கிறான். எந்த வலியும் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். இது கத்தரியால் வெட்டியதுபோல் நின்றது. சர்க்யூட்டில் கோளாறு, பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"மூஞ்சியென்ன வெளுத்துக் கெடக்கு?" என்றான் ஜெபசீலன்.

நந்தகோபால் சொன்னான். தோள், கை, தாடை, நெஞ்சு. ஜெபசீலன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"எங்க சித்தப்பாவுக்கு இப்படியேதான். ஹார்ட்டு மக்கா."

"இத போட்டுக்கிட்டு யாரோ ஒருத்தர் நல்லாத்தானே இருக்கோம்னு சுத்திக்கிட்டு இருக்காங்க."

"பெல்ட்டு இங்க கெடக்கே. இந்நேரம் அவியளுக்கு வலிக்காதா?"

"வேற பெல்ட்டு எரவல் வாங்கியிருப்பாங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரில சேக்கலைன்னா போயிருவாங்கடா."

சர்வீஸ் மேனேஜர் தியாகராஜன் கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ரீசெட் பண்ணி அனுப்பிரு" என்றார்.

"சார், ஆள் யாருன்னு கண்டுபுடிச்சு..."

"நாம பெல்ட்டு ரிப்பேர் பண்றவங்க. ஹார்ட்டுக்கு டாக்டர் இருக்காரு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னுதான் மொதல்ல கேப்பான். தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் ரீசெட்டு இருக்குது."

நந்தகோபால் வெளியே வந்து வளர்மதிக்குப் போன் போட்டான்.

"உங்களுக்கு எங்கீங்க வலி?"

"இடுப்புலீங்க. ரெண்டாவது பிரசவத்துல இருந்து."

"நெஞ்சு வலி உண்டுங்களா?"

"ஐயோ அதெல்லாம் இல்லீங்க. அந்தப் பெல்ட்டைப் போட்டாத்தான் நெஞ்சைப் புடிக்குது. கழட்டிட்டா ஒண்ணுமில்ல."

"வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. "இல்லீங்களே. ஒருவருக்கு ஒரு பெல்ட்டுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே."

அந்த வாசகத்தைச் சொல்லிக்காட்டுகிறவர்கள் கண்டிப்பாக இரவல் கொடுத்தவர்கள். நந்தகோபால் ஐந்து வருஷ அனுபவத்தில் கண்ட உண்மை இது. பெல்ட்டைப் பையோடு தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

போகிற வழியில் சிக்னலில் நின்றபோது அக்கம்பக்கத்தைப் பார்த்தான். ஸ்கூட்டரில் ஒருவர், ஆட்டோ டிரைவர், பஸ் ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள். எல்லோர் இடுப்பிலும் சின்னதாய்ப் பச்சை விளக்கு. பெல்ட் எதையோ தணித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். எதை என்று அவர்களுக்கே தெரியாது. முன்பெல்லாம் ஒருவருக்கு முடியவில்லை என்றால் முகத்தில் தெரியும், நடையில் தெரியும், தெருவில் போகிறவன்கூட "என்னங்க, உக்காருங்க" என்று கையைப் பிடிப்பான். இப்போது எல்லா முகமும் கல்யாண ஆல்பத்தில் இருப்பதுபோல் இருந்தது. இதில் ஒருவர் அந்த ஆளாக இருந்தால்கூட அவனால் கண்டுபிடிக்க முடியாது. பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் நின்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வளர்மதி கீழ் வீடு. நாற்பது வயது இருக்கும். கம்பெனிச் சட்டையைப் பார்த்ததுமே கதவைப் பாதியாகச் சாத்திக்கொண்டாள்.

"செக்கிங்குங்களா?"

"இல்லீங்கக்கா. வாரண்டி எங்கயும் போகாது. யாருக்குக் குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"போகாதுன்னு எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்."

"ஸ்டாம்ப் பேப்பர்லயா?"

"அக்கா, உங்க பெல்ட்டைக் கடைசியாப் போட்டிருந்தவங்களுக்கு ஹார்ட்டுல கோளாறு. பெரிய கோளாறு. அவங்களுக்கே அது தெரியாது. நீங்க ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வர்றதுக்குள்ள செத்துருவாங்க."

வளர்மதி கதவை முழுக்கத் திறந்தாள். அவனைத் தாண்டி மாடிப்படி அடியில் போய் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ரஷீதாக்கா. கொஞ்சம் கீழ வாங்க. அவசரம்."

ரஷீதா முதல் மாடி. தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பருத்த உடம்பு. ஆனால் படிகளைப் பள்ளிக்கூடப் பெண்ணைப்போல் இறங்கினாள். இடுப்பில் பச்சை விளக்கு.

விஷயத்தைக் கேட்டதும் அவளும் முதலில் வாரண்டியைத்தான் நினைத்தாள். "நான் வாங்கவே இல்லியே தம்பி."

"அக்கா, நான்தான் சொல்லிட்டேனே" என்றாள் வளர்மதி.

"நீ சொல்லிட்டியா? எங்கிட்ட மட்டும் அல்லா மேல சத்தியம் வாங்கின."

நந்தகோபால் குறுக்கே புகுந்தான். "இப்ப நீங்க கட்டியிருக்கற பெல்ட்டைச் சித்த கழட்ட முடியுங்களா? நெஞ்சுல ஏதாச்சும் வருதான்னு பாத்துருவோம்."

ரஷீதா கொக்கியில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. "வளரு பெல்ட்டுக்கப்புறம் இத சொந்தமா வாங்கினதுல இருந்து குளிக்கறப்பத் தவிர கழட்டினதே இல்லை தம்பி. அப்பக்கூட அவசர அவசரமா ஊத்திக்கிட்டு வந்துருவேன்."

கழற்றினாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. வருகிறேன் என்று சொல்லியிருக்கும் விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல் மூன்று பேரும் காத்திருந்தார்கள். நந்தகோபால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை விரல்கள் அசைகின்றனவா, வியர்க்கிறதா.

ரஷீதாவின் புருவம் சுருங்கியது.

"வந்துருச்சு" என்றாள்.

"எங்கீங்க?"

"முட்டில. ரெண்டு முட்டிலயும்." குனிந்து முழங்காலைத் தடவினாள். "போயிருச்சுன்னுல்ல நெனைச்சேன். இங்கயேதான் இருந்திருக்குது."

"நெஞ்சுல?"

"ஒண்ணுமில்ல."

நந்தகோபால் மூச்சு விட்டான். உடனே அந்த மூச்சு அவனுக்கே பிடிக்கவில்லை. இவள் இல்லை என்றால் வேறு யாரோ.

"உங்ககிட்ட இருந்து யாராச்சும் வாங்கினாங்களா?"

ரஷீதா பெல்ட்டைத் திரும்பக் கட்டுவதில் மும்முரமானாள்.

"அதான் வெறும் பையாத் திருப்பிக் குடுத்தீங்களாக்கும்" என்றாள் வளர்மதி. "எப்பவும் கடலை மிட்டாயாச்சும் வெச்சுக் குடுப்பீங்க. சொல்ல வேண்டாம்னு பாத்தேன்."

ரஷீதாவுக்கு உயிர் போவதைவிட இந்தப் பழி பெரிதாக இருந்தது. "நானா வெறும் பையாக் குடுப்பேன்? மேல இருந்து எனக்கே அப்படித்தான் வந்துச்சு. அந்த வூட்டுல இருந்து இப்ப என்னத்தப் போட்டு வாங்கறது? நானும் ஒண்ணும் வெக்காம அப்படியே உன்றகிட்ட குடுத்துட்டேன்."

"எந்த வூட்டுல இருந்து?"

"பூங்கோதை."

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். நந்தகோபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டாவது மாடிங்க தம்பி" என்று வளர்மதி குரலைத் தாழ்த்தினாள். "போன வாரந்தான் அவ வூட்டுக்காரர் தவறிட்டாரு. கனகராஜண்ணன். சாவு வூட்டுல இருந்து வர்ற சாமான்ல ஒண்ணும் போட்டு அனுப்ப மாட்டாங்க. ஐயோ, அந்தத் துக்கத்துல அவளுக்கு நெஞ்சு புடிச்சிருக்கும் போல. எல்லாத்துக்கும் தைரியமா நின்னாளே. அழக்கூட இல்லியே தம்பி."

மூவரும் படியேறினார்கள். நந்தகோபால் இரண்டிரண்டு படியாகத் தாவினான். ஆம்புலன்ஸ் நம்பரைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டான். அழாமல் நின்றாள் என்பதுதான் அவனைக் கலக்கியது. பெல்ட் போட்ட உடம்பு அழக்கூட மறந்திருக்கும்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. படத்தில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கலாம், அகலமான தோள்கள், போட்டோ எடுப்பவரிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்த முகம். பூங்கோதை தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காருங்க. கையை அசைக்காதீங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவன் பின்னால் மூச்சு வாங்க நின்ற இருவரையும். "என்ன வளரு, யாரு இவரு?"

"பெல்ட்டு கம்பெனித் தம்பி. உனக்கு நெஞ்சு வலியாம்ல."

"எனக்கா?"

"தோள்பட்டைல ஆரம்பிச்சுக் கை வழியா வருதுங்களா?" என்றான் நந்தகோபால். "பெல்ட்டு கட்டியிருந்தாக் கழட்டிருங்க. பயப்பட வேண்டாம், ஆம்புலன்சுக்குச் சொல்லிர்றேன்."

"நான் பெல்ட்டே கட்டறதில்லீங்க தம்பி. எனக்கு ஒத்துக்காது." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "ரஷீதாகிட்ட வாங்கினது எனக்கில்ல. அவருக்குங்க."

விளக்குத் திரி லேசாகப் படபடத்தது. நந்தகோபால் போனில் அழுத்தப்போன விரலை எடுத்துக்கொண்டான். சர்க்யூட்டில் கோளாறு இல்லை. பாதியில் எதுவும் நிற்கவில்லை. பெல்ட் கடைசி வரைக்கும் படித்திருக்கிறது. அதற்கப்புறம் படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவன் அந்த இடத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறான். காலையில். டீக்கு முன்னால்.

"உக்காருங்க தம்பி. உங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்லாத மாதிரி தெரியுது" என்றாள் பூங்கோதை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வளர்மதியும் ரஷீதாவும் நிலைப்படியிலேயே நின்றார்கள். அவர்களுக்கு இன்னும் புரியவில்லை. யாருக்கும் ஆபத்தில்லை என்ற நிம்மதிதான் முகத்தில் இருந்தது.

"அவருக்கு வலிச்சிருக்குமாங்க?" என்று பூங்கோதை கேட்டாள். "வந்தவங்கல்லாம் ஒரே சொல்லாச் சொல்றாங்க, நோவு நொடி இல்லாமப் போயிட்டாரு, குடுத்து வெச்ச மனுஷன்னு. நீங்க இதுல படிச்சவங்க. அதான் கேக்கறேன்."

"இல்லீங்கக்கா. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." அது உண்மை.

அவள் தலையசைத்தாள். போன் அடித்தது. தியாகராஜன். நந்தகோபால் எடுத்தான்.

"ரீசெட் ஆச்சா?"

"பண்ணிர்றேன் சார்."

கொக்கிக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான். அழுத்திப் பிடித்தால் பெல்ட் எல்லாவற்றையும் மறந்துவிடும். பைக்குள் கைவிட்டு அதைத் தேடிக் கண்டுபிடித்தான். அழுத்தினால் போதும். காயில் லூசாகிவிட்டது, சரிசெய்துவிட்டேன் என்று வளர்மதியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இனி காப்பாற்றுவதற்கு யாரும் இல்லை. காலையிலிருந்து அவன் தேடி வந்த உயிர் போன வாரமே போய்விட்டது. மிச்சமிருப்பது இந்த அம்மாளின் நிம்மதி மட்டும்தான்.

"பெல்ட்டுல என்னங்க கம்ப்ளெயின்ட்டு?" என்றாள் பூங்கோதை.

"காயில் சித்த லூசாயிருச்சுங்க."

"போட்டதும் நெஞ்சைப் புடிக்குதுன்னு வளரு நேத்து சொன்னாளே."

பூங்கோதை முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்ப்பவளைப்போல் விரலால் அளைந்தாள்.

"அவருக்குக் கிரைண்டர் கம்பெனில வேலைங்க. நாளெல்லாம் கல்லுத் தூக்கறது. தோள்பட்டை வலிக்குதுன்னாரு. எப்பவும் வலிக்கற மாதிரி இல்ல பூவு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமான்னாரு. மனுஷன் ஆஸ்பத்திரிங்கற வார்த்தையே சொல்ல மாட்டாரு. நான்தான், இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி, ரஷீதாகிட்ட பெல்ட்டு இருக்குதுன்னு வாங்கிட்டு வந்தேன். நானே கட்டி உட்டேன். கட்டினதும் சரியாப் போச்சு பூவுன்னாரு."

நிலைப்படியில் ரஷீதாவின் கை அவள் இடுப்புப் பெல்ட்டுக்குப் போனது. இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரியாப் போகலீங்களா?" என்றாள் பூங்கோதை.

நந்தகோபாலின் விரல் பொத்தான்மேல் இருந்தது. "இல்லீங்கக்கா."

"அது அந்தப் பெல்ட்டுக்குள்ள இருக்குதுங்களா? அவருக்கு வந்த வலி?"

"இருக்குதுங்க."

"முழுசும்?"

"முழுசும்."

"என்ன பண்ணுவீங்க அத?"

"அழிக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "குடுங்க."

"வேண்டாம் பூங்கோதை" என்று ரஷீதா உள்ளே வந்தாள். "தாங்க மாட்ட."

"அக்கா, அது நல்ல வலி இல்லீங்க" என்றான் நந்தகோபால். "நான் போட்டுப் பாத்தேன். ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வேண்டாங்க."

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?" அவள் அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவரை நீங்க கண்ணால பாத்ததுகூட இல்ல. உங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரிய வேண்டாமா?"

பையிலிருந்து பெல்ட்டை எடுத்தான். கொடுக்கும் வரைக்கும் பொத்தானை அழுத்திவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். கொடுத்துவிட்டான். அவள் கட்டிக்கொண்டு, படத்துக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது அவர் நாற்காலி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நந்தகோபால் அவள் பக்கத்தில் மண்டிபோட்டு, கொக்கியில் விரலை வைத்துக்கொண்டான். சொல்லுங்க, உடனே கழட்டிர்றேன் என்றான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் இடது தோளை உயர்த்தி இறக்கினாள்.

"டிவியில மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றாள்.

அவள் விரல்கள் மடங்கின. அது கைக்கு இறங்கிவிட்டது.

"டீ கேட்டாரு. சர்க்கரை பத்தலைன்னாரு. இருக்கற சர்க்கரை போதும்னு சொன்னேன். சிரிச்சாரு."

வளர்மதி சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள். பூங்கோதையின் தாடை இறுகியது. பேச்சு பல்லுக்கிடையில் வந்தது.

"வேர்க்குது, ஃபேனைக் கூட்டுன்னாரு. கரண்டு பில்லு யாரு கட்டறதுன்னு வைஞ்சேன்."

"போதுங்கக்கா."

"இருங்க."

அது நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தது, அவள் நாற்காலிக் கையைப் பற்றிய பற்றலில் தெரிந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. காலையில் அவன் நெஞ்சில் உட்கார்ந்த அதே ஆள்தான் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க மாட்டார். இவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. ஒரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கும் அளவுக்கு நேரம். அதை அவன் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்துகொண்டிருந்தது.

"பஜ்ஜி போடறியான்னாரு. வாழைக்கா இருக்குதான்னு பாக்க எந்திரிச்சேன்." அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க தம்பி. இந்த எடத்துல நான் சமையக்கட்டுல இருந்தேன்."

இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கனம் இன்னும் கொஞ்சம் ஏறும். அப்புறம் அந்த வெட்டு. அவன் விரலை அசைத்தால் அது வராமலே நின்றுவிடும்.

பூங்கோதை குனிந்து அவன் கையைப் பார்த்தாள்.

நந்தகோபால் கொக்கியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.